விசேஷத்துக்கு டீ போடலாமா?

போன தை மாதம் எங்கள் வீட்டில் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். பிள்ளையார்பாளையத்தில் தறி இருக்கிற வீட்டில் விசேஷம் வைத்தால் முதல் பிரச்சினை இடம்தான். குழித்தறியை நகர்த்த முடியாது. அதைச் சுற்றித்தான் எங்கள் வீடே இருக்கிறது. பாவு மேல் வெள்ளைத் துணி போட்டு மூடி, இந்தப் பக்கம் ஜமக்காளம் விரித்து, முப்பது பேர் உட்காருகிற மாதிரி ஒழுங்கு பண்ணியாயிற்று. ரெண்டாவது பிரச்சினை, வருகிறவர்களுக்குக் குடிக்க என்ன கொடுப்பது?

இதில்தான் சண்டை வந்தது. மாமா முதலில் ஆரம்பித்தார். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு டீயா? தெருமுனைக் கடையில பதினைஞ்சு ரூபாய்க்குக் கிடைக்குது. காபி போடுங்கப்பா, அதான் மரியாதை." சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிற சித்தி பையன் உடனே, "மாமா, இப்ப எல்லா ரிசப்ஷன்லயும் கிரீன் டீ கவுண்டர் வைக்கிறாங்க. ஹெல்த்தி. நான் பேக்கெட் வாங்கிட்டு வந்துடறேன்" என்றான். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "எதையோ போடுங்க. எனக்கு ஒரு டம்ளர் எடுத்து வைங்க, போதும்" என்றாங்க.

மூன்று பேர், மூன்று கருத்து. மாமாவுக்கு டீ என்றால் மரியாதைக் குறைவு. சித்தி பையனுக்கு டீ என்றால் மருந்து. அம்மாவுக்கு டீ என்றால், கடைசியில் மிச்சம் இருந்தால் கிடைக்கிற ஒன்று. இந்தக் கட்டுரை இந்த மூன்று பேருக்கும் நான் சொல்ல நினைத்த பதில். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விசேஷத்துக்கு டீ போடலாம். தாராளமாகப் போடலாம். ஆனால் டீ எந்த நன்மையைத் தரும், எதைத் தராது என்று தெரிந்துகொண்டு போட வேண்டும். தெரியாமல் போட்டதால் எங்கள் வீட்டில் என்ன ஆனது என்பதையும் சொல்கிறேன்.

காபிக்கு மரியாதை எப்படி வந்தது?

முதலில் மாமா. காபி உயர்வு, டீ மட்டம் என்பது நாக்கு சொல்கிற ருசி இல்லை, ஊர் சொல்லிக்கொடுத்த பாடம். ஆ.இரா. வேங்கடாசலபதி எழுதிய 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற ஆய்வு நூல் நம் கல்லூரி நூலகத்தில் இல்லாவிட்டாலும் எங்காவது தேடிப் படியுங்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் காபி எப்படித் தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாக மேல்சாதி வீடுகளின் அடையாளமாக மாறியது, டீ எப்படி உழைக்கிறவர்களின் பானமாக ஒதுங்கியது என்று அதில் வருகிறது. நம் சினிமாவில் பெண் பார்க்கும் காட்சி வந்தால் பெண் காபித் தட்டோடுதானே வருகிறாள்? டீத் தட்டோடு வந்ததை நான் பார்த்த ஞாபகமே இல்லை.

டீ நம்மிடம் வந்த கதையும் வேறு. அது வீட்டு வாசல் வழியாக வரவில்லை, வேலை இடம் வழியாக வந்தது. 1903-ல் பிரிட்டிஷ் அரசு ஏற்றுமதித் தேயிலைக்கு ஒரு செஸ் போட்டது. அந்தப் பணத்தில் டீ குடிக்கச் சொல்லி விளம்பரம் செய்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி ஆலைகளிலும் சுரங்கங்களிலும் டீக்கடை வைக்க முதலாளிகளைச் சம்மதிக்க வைத்தார்கள். 'டீ கொடுத்தால் தொழிலாளி களைப்பில்லாமல் வேலை செய்வான்' என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். 1930களின் பொருளாதார மந்தத்தில் வெளிநாட்டு விற்பனை படுத்தபோது ஊர் ஊராகப் போய் இலவசமாக டீ ஊற்றிக் கொடுத்துப் பழக்கினார்கள். அதாவது, டீ நம் தாத்தாக்களுக்கு வேலை வாங்குவதற்காகக் கொடுக்கப்பட்ட பானம். மாமாவின் மனசில் இருக்கிற 'கூலிக்காரன் பானம்' என்ற எண்ணம் அங்கேயிருந்து வருகிறது.

ஆனால் மாமாவும் நெசவாளிதான். தினமும் ஏழெட்டு கிளாஸ் டீ குடிப்பவர்தான். தான் குடிக்கிற பானத்தை விருந்தாளிக்குக் கொடுக்க வெட்கப்படுகிறார் என்றால், அந்த வெட்கம் டீயைப் பற்றியதா, தன்னைப் பற்றியதா?

இன்னொன்று. டீத்தூளுக்குப் பின்னால் இருக்கிற கைகளில் தமிழ்க் கைகளும் உண்டு. இலங்கை மலையகத்திலும் வால்பாறையிலும் நீலகிரியிலும் கொழுந்து பறித்தது நம் ஆட்கள். 1964-ல் போடப்பட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவானது. தலைமுறையாகத் தேயிலையைத் தவிர வேறு ஊர் தெரியாதவர்கள். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதிக்கு வேலை கொடுக்கத்தான் தமிழ்நாடு அரசின் 'டான்டீ' தோட்டங்கள் நீலகிரியில் உருவாயின. வால்பாறைக் கதையை பி.எச். டேனியல் 'ரெட் டீ' நாவலாக எழுதினார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்தார். 2013-ல் வந்த 'பரதேசி' படத்துக்கு அதுதான் அடிப்படை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் ஊர்க் கதையும் இதேதான். எங்கள் தெருவில் நெய்கிற பட்டுச்சேலையை எங்கள் தெருப் பெண்கள் அநேகமாகக் கட்டுவதில்லை, தங்கள் கல்யாணத்துக்கு ஒன்றைத் தவிர. நெய்தவர் கட்டாத சேலைக்கு இருக்கிற மரியாதையில் கால்வாசியாவது, பறித்தவருக்கும் எட்டுகிற அந்த டீக்குக் கொடுத்தால் என்ன?

கிரீன் டீயில் என்ன இருக்கிறது?

அடுத்து சித்தி பையன். அவன் கொண்டுவந்த டப்பாவில் பச்சை நிறத்தில் ஒரு இலை, யோகா செய்கிற ஒரு பெண், 'வெல்னெஸ்' என்ற வார்த்தை மூன்று தடவை. விலையைப் பார்த்து அப்பா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கிரீன் டீயும் நம்ம கடை டீயும் ஒரே செடி. கமெலியா சினென்சிஸ். பறித்த இலையைச் சூடாக்கி, ஆக்ஸிஜனோடு சேர்ந்து கறுக்கவிடாமல் நிறுத்தினால் கிரீன் டீ. நசுக்கிக் காற்றுபட விட்டு, கறுத்த பிறகு உலர்த்தினால் பிளாக் டீ. நம் கடைகளில் போடுவது பெரும்பாலும் சி.டி.சி. முறையில் செய்தது. நசுக்கு, கிழி, சுருட்டு என்பதுதான் அந்த மூன்று எழுத்தின் அர்த்தம். 1930களில் அசாமில் வந்த இயந்திரம். எதிரெதிரே சுற்றுகிற பல் வைத்த உருளைகள் இலையைக் குறுணையாக்கிவிடும். மேற்பரப்பு அதிகமாவதால் சாறு சீக்கிரம் இறங்கும், நிறம் கெட்டியாக வரும், கொஞ்சம் தூளில் நிறைய டீ போடலாம். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது புரியும். டீக்கடைப் பொருளாதாரமே அந்த உருளையில்தான் ஓடுகிறது.

சரி, நன்மை? இருக்கிறது. டீயில் பாலிஃபீனால்கள் இருக்கின்றன. காஃபின் இருக்கிறது. தியனைன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. காஃபினும் தியனைனும் சேர்வதால்தான் டீ குடித்தால் படபடப்பு அதிகம் இல்லாத ஒரு விழிப்பு வருகிறது என்கிறார்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, பால் சேர்க்காத டீக்கு நல்ல பலன்கள் உண்டு என்று சொல்கிறது. அதே வழிகாட்டி மற்ற கணக்கையும் சொல்கிறது. 150 மில்லி காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபின், அதே அளவு டீயில் 30 முதல் 65 மில்லிகிராம். ஒரு நாளைக்கு மொத்தம் 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

இப்போது ஒரு கூட்டல் கணக்கு. எங்கள் தெருவில் ஒருவர் நாளைக்கு எட்டு கிளாஸ் டீ குடிப்பது சாதாரணம். கடை கிளாஸ் சின்னதுதான், காஃபின் வரம்புக்குள் வந்துவிடலாம். ஆனால் கிளாசுக்கு 10 கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொண்டால் எட்டுக்கு 80 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது, நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவர் சேர்க்கிற சர்க்கரை 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள். டீயிலேயே அதைத் தாண்டியாச்சு. விசேஷ வீட்டு லட்டை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஆகவே சித்தி பையனுக்கு என் பதில்: டேய், இலையை மாற்றுவதை விட சர்க்கரையைக் குறைப்பது பெரிய விஷயம். அதுக்குக் காசும் ஆகாது. ரேஷன் கடையில் விற்கிற ஊட்டி டீயைப் பால் ஊற்றாமல், கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து, சர்க்கரை கம்மியாகக் குடித்தால் அந்த டப்பாவில் சொல்கிறதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். கடை வாசலில் நின்று ஊதி ஊதிக் குடிப்பவர்களுக்கு இன்னொன்று: 65 டிகிரி செல்சியஸுக்கு மேலான சூட்டில் எதைக் குடித்தாலும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வாய்ப்பு உண்டு என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2016-ல் சொன்னது. மாஸ்டர் உயரத் தூக்கி ஆற்றுகிறாரே, அது சும்மா ஸ்டைல் இல்லை. நாலு ஆத்து ஆத்தினால் சூடு இறங்கும். காத்திருங்கள்.

அன்னபேதி

இனி அம்மா விஷயம்.

கோர்வைச் சேலை நெய்ய ஒரு ஆள் போதாது. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வரும்போது கரைக்கான நாடாவைத் தள்ளப் பக்கத்தில் ஒரு துணையாள் வேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மா. காலையில் சமைத்து வைத்துவிட்டு உட்கார்ந்தால், சாப்பிட எழுந்திருப்பது எப்போது என்று சொல்ல முடியாது. அம்மா எழுந்தால் அப்பாவின் வேலையும் நிற்கும். கூலி சேலைக்குத்தான், மணி நேரத்துக்கு இல்லை. அதனால் காலை டிபனுக்குப் பதில் டீ, பொறை. பதினோரு மணிக்கு இன்னொரு டீ. மதியம் ரெண்டரைக்குச் சோறு, உடனே ஒரு டீ. பசி தெரியாமல் இருக்க டீயை விடச் சுலபமான வழி வேறு இல்லை. இதை எங்கள் தெருவில் யாரும் கஷ்டம் என்று சொல்ல மாட்டார்கள். பழக்கம் என்பார்கள்.

போன வருஷம் ஆடி மாதம் அம்மா கோயில் படியில் மயங்கி உட்கார்ந்துவிட்டாங்க. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் விடாமல் சாப்பிட்டும் 9-ஐத்தான் எட்டியது. அங்கே இருந்த நர்ஸ் அக்கா ஒரு கேள்வி கேட்டாங்க: "மாத்திரையை எதுல போட்டு முழுங்குறம்மா?"

அம்மா சொன்னாங்க, "டீயிலதான். கையில அதானே இருக்கு."

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை எடுத்தது. அதன்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. உங்கள் வீட்டில் ரெண்டு பெண்கள் இருந்தால் ஒருவருக்கு இருக்கலாம். நம் லேடீஸ் ஹாஸ்டலிலும் அப்படித்தான்.

டீயில் இருக்கிற பாலிஃபீனால்கள், கீரையிலும் பருப்பிலும் மாத்திரையிலும் இருக்கிற இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் ஏறவிடாமல் செய்யும். பால் ஊற்றினால் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. பாலில் இருக்கிற கால்சியமும் இரும்பு ஏறுவதைக் குறைக்கும். அதனால்தான் அந்த 2024 வழிகாட்டி, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் ஒரு மணி நேரம் பின்னும் டீ, காபி வேண்டாம் என்கிறது. இதையெல்லாம் வீட்டில் விளக்கிச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. "டீயில என்னடா இருக்கு, வெந்நி மாதிரிதானே" என்றாங்க அம்மா.

சரி, செய்து காட்டலாம் என்று பால் இல்லாத டீயை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்தேன். ஒரு இரும்பு மாத்திரையின் மேல்பூச்சைச் சுரண்டி, பொடித்து அதில் போட்டுக் கலக்கினேன். கொஞ்ச நேரத்தில் டீ மை மாதிரி கறுத்துப்போனது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாங்க. ஆயாதான் முதலில் பேசினாங்க. "இது என்னடா, கடுக்காயும் அன்னபேதியும் போட்டு மை காய்ச்சினா இப்படித்தான் ஆவும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்னபேதி என்றால் இரும்பு சல்பேட். கடுக்காய் என்றால் டானின். அந்தக் காலத்தில் எழுதுவதற்கு மை இப்படித்தான் காய்ச்சினார்கள். நான் முதல் வருஷ கெமிஸ்ட்ரியில் படித்ததும், ஆயா சின்ன வயதில் பார்த்ததும் ஒரே வினை. அம்மா வயிற்றுக்குள் மூன்று மாதமாக நடந்ததும் அதன் சொந்தக்கார வினைதான்.

அன்றிலிருந்து மாத்திரை எலுமிச்சைத் தண்ணீரில். வைட்டமின் சி இரும்பு ஏற உதவும். டீ, சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து. காலையில் டீக்கு முன்னால் ரெண்டு இட்லியாவது கட்டாயம். தை பிறக்கும்போது 10.8. இன்னும் 12 ஆகவில்லை. ஆனாலும் மாடிப்படி ஏறும்போது நிற்பதில்லை.

டீயை நான் குறை சொல்லவில்லை. சோறு இருக்க வேண்டிய இடத்தில் டீயை உட்கார வைத்ததுதான் தப்பு. பசிக்கு டீயைக் கொடுத்துவிட்டு அதற்கு 'வெல்னெஸ்' என்று பெயர் வைத்தால் எந்த இலையாலும் காப்பாற்ற முடியாது.

குழியிலிருந்து எழுகிற நேரம்

அப்படியென்றால் டீயில் நல்லதே இல்லையா? எங்கள் தெருவில் டீ செய்கிற ஒரு நல்ல காரியத்தை எந்த டப்பாவிலும் எழுத மாட்டார்கள்.

தறிக்குப் பக்கத்தில் டீ வரக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஒரு சொட்டு பட்டில் விழுந்தால் கறை போகாது, சேலையே கெட்டது. அதனால் டீ குடிக்க வேண்டுமென்றால் குழியிலிருந்து எழுந்தே ஆக வேண்டும். காலைக் குழிக்குள் விட்டு, முதுகை வளைத்து, ஒரே இடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காருகிற மனிதர் எழுந்து, இடுப்பை நிமிர்த்தி, வாசலுக்கு வந்து, தூரத்தில் கோபுரத்தைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் "என்னப்பா, பாவு எப்ப?" என்று கேட்கிற பத்து நிமிஷம்தான் எங்கள் டீ. முதுகுக்கு, முட்டிக்கு, கண்ணுக்கு, மனசுக்கு அந்தப் பத்து நிமிஷம் செய்கிற நன்மையைப் பாலிஃபீனால் செய்யாது. வேலை வாங்குவதற்காகக் கொடுத்த டீயை, நம் ஆட்கள் வேலையை நிறுத்துவதற்காக எடுத்துக்கொண்டார்கள்.

எங்களுக்கு டீயோடு சேர்ந்த விசேஷமும் உண்டு. பாவு நீட்டுகிற நாள். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழை இழையாகப் பிரித்துவிட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் முடியாது. அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் கூப்பிடாமலே வருவார்கள். கூலி கிடையாது. நாளைக்கு அவர்கள் பாவுக்கு நாங்கள் போவோம். முடிந்ததும் கடையிலிருந்து தூக்கில் டீ வரும். எல்லாருக்கும் ஒரே மாதிரி டம்ளர். முதல் டம்ளர் வந்தவர்களுக்கு, கடைசி டம்ளர் வீட்டுக்காரருக்கு. இதை விட மரியாதையான விருந்தை நான் எந்த ரிசப்ஷனிலும் பார்த்ததில்லை.

மாமாவுக்கு இதைத்தான் நினைவுபடுத்தினேன். "பாவுக்கு வர்றவங்களுக்கு டீ கொடுத்தா மரியாதை, சம்பந்திக்குக் கொடுத்தா மரியாதைக் குறைவா மாமா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இஞ்சி தட்டிப் போடச் சொல்லு" என்றார்.

எந்த டம்ளர், யாருக்கு?

இனி நம் கல்லூரி. ஒவ்வொரு சிம்போசியத்திலும் டீ கமிட்டியில் நான் இருந்திருக்கிறேன். அதனால் இது என் மேலும் உள்ள குற்றச்சாட்டு. மேடைக்குப் பீங்கான் கப், தட்டு, முந்திரி பிஸ்கட். மாணவர்களுக்குப் பேப்பர் கப். காலை ஐந்து மணிக்கு அரங்கத்தைப் பெருக்கிய அக்காக்களுக்கும், விருந்தினரை அழைத்து வந்த டிரைவர் அண்ணனுக்கும் நாங்கள் கணக்கே எடுக்கவில்லை. 'மிச்சம் இருந்தா கொடுங்க' என்பதுதான் கணக்கு.

தமிழ்நாட்டு டீக்கடைகளில் இரட்டைக் குவளை என்ற அசிங்கம் இருந்தது. சாதி பார்த்துத் தனி டம்ளர், தனி இடம். முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது, இன்னமும் அவ்வப்போது செய்தி வருகிறது. நாம் செய்ததும் அதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் யாருக்கு எந்தக் கப் என்று தீர்மானிக்கிறபோது அதே பழைய புத்தி கொஞ்சம் நம் கையிலும் ஒட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

பேப்பர் கப் விஷயத்தில் மரியாதை மட்டுமில்லை, உடம்பும் இருக்கிறது. கப் நனையாமல் இருக்க உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. ஐ.ஐ.டி. காரக்பூர் ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் சோதித்தபோது, 100 மில்லி சூடான நீர் 15 நிமிஷம் அந்தக் கப்பில் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலந்தன. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள் என்பதாவது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சுற்றுச்சூழல் தினத்துக்குப் போஸ்டர் போட்டி வைத்துவிட்டு அதில் கலந்துகொண்டவர்களுக்கு அதே கப்பில் டீ கொடுத்திருக்கிறோம்.

அடுத்த சிம்போசியத்துக்கு என் யோசனைகள் இவை. இருநூறு எவர்சில்வர் டம்ளர் துறை செலவில் ஒரே ஒரு தடவை வாங்கலாம், ஒவ்வொரு வருஷமும் கப் வாங்குகிற காசு மிச்சம். மேடைக்கும் அதே டம்ளர், துப்புரவுப் பணி செய்கிறவர்களுக்கும் அதே டம்ளர், அவர்கள் எண்ணிக்கையும் முதல் பட்டியலிலேயே இருக்கட்டும். டீ நேரத்தை மதியச் சாப்பாடு முடிந்த கையோடு வைக்காமல் மூன்று மணிக்குத் தள்ளலாம். கிரீம் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டலோ வேர்க்கடலையோ. சர்க்கரை தனியாக. பால் வேண்டாதவர்களுக்கு எலுமிச்சை டீ. இதில் ஒன்றுகூட அதிக செலவு இல்லை.

கடைசியாக

நிச்சயதார்த்தத்துக்குக் கடைசியில் இஞ்சி டீதான் போட்டோம். போட்டது நானும் சித்தி பையனும். கிரீன் டீ டப்பாவையும் திறந்து வைத்தோம், ரெண்டு பேர் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். அக்கா தட்டு தூக்கிக்கொண்டு வரவில்லை. மாப்பிள்ளையோடு உட்கார்ந்து, தட்டில் வந்ததை எடுத்துக் குடித்தாள். மாப்பிள்ளையின் அப்பா ரெண்டாவது டம்ளர் கேட்டார். மாமா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அம்மா பந்தி முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகுதான் சாப்பிட்டாங்க. அதை மாற்ற எங்களால் முடியவில்லை. ஆனால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, புதிதாக ஒரு டம்ளர் போட்டு எடுத்துப் போனேன். மிச்சம் இருந்தது இல்லை, அவங்களுக்கென்றே போட்டது. துணி மூடின தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே வாங்கக் கையை நீட்டினாங்க.

"உட்காரும்மா. அப்பத்தான் தருவேன்" என்றேன்.

வாசல் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தாங்க. "சர்க்கரை கம்மியா இருக்குடா" என்றாங்க. முழு டம்ளரையும் குடிக்கிறவரை எழுந்திருக்கவில்லை.

உங்கள் வீட்டு அடுத்த விசேஷத்தில் முதல் டம்ளர் யாருக்குப் போகிறது, கடைசி டம்ளர் யாருக்குப் போகிறது என்று ஒரு தடவை கவனித்துப் பாருங்கள். அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள். என் கட்சிக்கு எதிர்க்கட்சி இருந்தாலும் சரி. காபிக் கட்சிக்காரர்களுக்கும் இடம் உண்டு.